சாமி படம் போட்ட கார்டு

எல்லம்மாள் கடைக்கு எங்களைக் கேட்டு வந்த முதல் போன், பௌர்ணமி எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது என்று விசாரிக்க வந்தது.

"நெல்லூராம். பாதி தெலுங்கு, பாதி தமிழு. பௌர்ணமி எப்ப ஆரம்பிக்குது, எப்ப முடியுதுன்னான். காலண்டரப் பாத்து நானே சொல்லிட்டேன்" என்றாள் எல்லம்மாள், பருப்புப் பொட்டலத்தை மடித்தபடியே.

"மோட்டாரப் பத்தி ஒண்ணும் கேக்கலியாக்கா?"

"அபிஷேகம் பண்ணணும்னா யாரப் பாக்கணும்னு கேட்டான். நீ இன்னா மோட்டார் வேலை பாக்கறியா, கோயில்ல வேலை பாக்கறியா?"

பக்கத்தில் நின்ற முருகையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நானும் முருகையனும் போர்க் கிணற்றிலிருந்து மோட்டாரை ஏற்றி இறக்குகிற ஆட்கள். மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் காயில் கம்பி எரிந்தாலும், தண்ணீர் கீழே போய்விட்டாலும் எங்களைப் போன்றவர்களைத்தான் கூப்பிட வேண்டும். போருக்கு மேல் உயரமான இரும்பு முக்காலி நட்டு, சங்கிலி மாட்டி, குழாயை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, அடியில் தொங்கும் மோட்டாரை மேலே கொண்டுவருவோம். ஒருவர் சங்கிலி இழுப்பார், மற்றவர் குழாயை இடுக்கிப் பிடிப்பார். பிடிக்கிறவன் அசந்தால் மொத்தமும் பாதாளத்துக்குப் போய்விடும். ஆகையால் இது யாரோடு வேண்டுமானாலும் சேர்ந்து செய்கிற வேலை இல்லை. பல வருஷம் இரண்டு பேரும் ஒரு மேஸ்திரியிடம் இருந்தோம். இடுப்பு எங்களுடையது, பேர் அவருடையது. அந்த வருஷம் தை மாதம் அவரை விட்டு விலகி, பழைய முக்காலி ஒன்றைத் தேடிப் பிடித்து, தனியாக இறங்கினோம்.

தனியாக இறங்கினால் கார்டு அடிக்க வேண்டும் என்று சொன்னவன் முருகையன். அச்சாபீசுக்கு அவன்தான் கூட்டிப் போனான். அச்சாபீஸ்காரர் வெறும் எழுத்து மட்டும் போட்ட மாதிரிக் கார்டு ஒன்றைக் காட்டினார். முருகையனுக்குப் பிடிக்கவில்லை.

"வெறும் எழுத்தா போட்டா வாங்குனவன் மடிச்சுப் பல்லு குத்துவான். சாமி படத்தப் போடுங்க. எவன் தூக்கிப் போடறான்னு பாக்கறேன்" என்றான்.

முன்பக்கம் முழுக்க மலை, மலைக்கு மேல் தீபம், கீழே அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மனும். நல்ல வழவழப்பான அட்டை. எழுத்துக்கு இடம் இல்லாததால் எங்கள் பெயரும், செய்கிற வேலையும், எல்லம்மாள் கடை நம்பரும் பின்பக்கம் போயின. அறிவொளி வகுப்பில், தலை நரைக்கத் தொடங்கிய வயதில் எழுத்துக் கூட்டப் பழகியவன் நான். 'பலராமன்' என்று அச்சில் பார்த்ததும் பின்பக்கத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்கத்தை நான் சரியாகக் கவனிக்கவே இல்லை.

சித்திரை மாதம் அது. தண்ணீர் இறங்குகிற நேரம். போர் வைத்த வீடுகளுக்கெல்லாம் போய்க் கொடுத்தோம். பாதிப் பெட்டி மிச்சமிருந்தது. சித்ரா பௌர்ணமிக்கு மலை சுற்றுகிற கூட்டத்தில் நின்று முருகையன் அதையும் கொடுத்தான். வாங்கினவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சிலர் திரும்பி வந்து, வீட்டில் இருப்பவர்களுக்கு என்று கேட்டு இன்னொன்று வாங்கிப் போனார்கள்.

"பாத்தியாண்ணா, கியூல நின்னு வாங்கறாங்க" என்றான் முருகையன்.

வைகாசி வந்தது. ஊரெல்லாம் மோட்டார் எரிந்தது. எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை. நெல்லூர்க்காரருக்குப் பிறகு திண்டிவனத்திலிருந்து ஓர் அம்மாள் பேசி, தங்குவதற்கு ரூம் கிடைக்குமா என்று கேட்டார். அவ்வளவுதான்.

ஒரு நாள் முருகையன் என் வீட்டு வாசலில் வந்து சைக்கிளை நிறுத்திவிட்டு, இறங்காமலேயே சொன்னான். "சித்தப்பா பையன் இனியன் பெங்களூருக்குக் கூப்பிடறான். சென்ட்ரிங் வேலை. ஆனிப் பௌர்ணமி வரைக்கும் பாக்கறேண்ணா. அப்புறம் எம்மேல வருத்தப்படாத."

"நீ போயிட்டா முக்காலிய நான் இன்னா பண்றது?"

"துணி காயப் போடு" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். முகம் விளையாட்டாக இல்லை.

அவன் போய்விட்டால் நான் திரும்ப மேஸ்திரியிடம்தான் போய் நிற்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தக் கவலைக்கும் மேலே ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருந்தது. ஒரு பெட்டிக் கார்டு. அத்தனையும் எங்கே போயிருக்கும்? வாங்கின ஒருவரும் கிழித்துப் போட்டதை நான் பார்க்கவில்லை. தெருவில் ஒன்றுகூடக் கிடக்கவில்லை. பிறகு எங்கேதான் இருக்கின்றன? மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பினேன்.

முதலில் அடி அண்ணாமலை. அங்கே மலை சுற்றும் பாதையில் ஜோதியம்மாள் சோடாக் கடை வைத்திருக்கிறாள். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் போர். என் கையால் அவளிடமே கார்டு கொடுத்திருந்தேன். போரைச் சுற்றி மண்ணில், முக்காலி ஊன்றிய குழிகள் ஈரம் காயாமல் இருந்தன.

"மோட்டார் எடுத்தீங்களாம்மா?"

"ஆமாண்ணா. வெள்ளிக்கிழமை காயில் போயிடுச்சு. மேஸ்திரி ஆளுங்க வந்து எடுத்துக் குடுத்தாங்க."

"நான் கார்டு குடுத்திருந்தனே."

"பத்திரமா இருக்குதுண்ணா" என்றாள். அதில் பெருமை வேறு. உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். சாமி மாடத்தில் நடு நாயகமாக எங்கள் கார்டு. அம்மனுக்கும் ஐயனுக்கும் தனித்தனியாகக் குங்குமம். மேலே ஒரு துண்டு மல்லி.

"டெய்லி பூ வெக்கறேன்."

"பின்னாடி எங்க நம்பரு இருக்குதும்மா."

"சாமிக்குப் பின்னாடி எவண்ணா பாக்கறான்?"

கை கால் கழுவிவிட்டு வந்துதான் அதைத் தொட விட்டாள். திருப்பிப் பார்த்தேன். விளக்கின் எண்ணெய் ஊறி, பின்பக்கத்து எழுத்தெல்லாம் பாசி பிடித்த தரை மாதிரி கிடந்தது. 'ராமன்' மட்டும் தெரிந்தது. திரும்ப அப்படியே வைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்து செங்கம் ரோடு. ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி டீக்கடை வைத்திருக்கும் கோபியிடம் ஒரு கத்தையே கொடுத்து வைத்திருந்தேன். சுற்றி இருக்கிற கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் எல்லாரும் அவன் கடைக்குத்தான் டீ குடிக்க வருவார்கள். பாய்லருக்கு மேலே சுவரில் ஒரு கார்டு ஒட்டியிருந்தது. படம் வெளியே, நம்பர் சுவருக்குள்ளே.

"பர்ஸுல வெச்சிருந்தேன் பலராமண்ணா. பின் பாக்கெட்டு. உக்கார்ற போதெல்லாம் சாமி மேல உக்கார்ற மாரி ஒரு இது. மனசு கேக்கல. மைதா பசை காச்சி ஒட்டிட்டேன்."

"மிச்சக் கார்டு?"

"எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. ஒருத்தர் டாஷ்போர்டுல ஒட்டிக்கினாரு. ஒரு வெள்ளக்கார அம்மா புஸ்தகத்துக்கு நடுவுல வெச்சுக்கினு ஜெர்மனிக்கே போயிடுச்சு."

ஒரு ஓரத்தைப் பிளேடால் நெம்பிப் பார்த்தான். படம் உரிந்து வந்தது. நம்பர் சுவரிலேயே தங்கிவிட்டது, எழுத்து இடம் வலமாகத் திரும்பி. கடையில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். அதை எப்படிப் படிப்பது என்று ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கண்ணாடி கொண்டுவந்து காட்டலாம் என்றார் ஒருவர். மோட்டார் எரிந்தவன் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு வருவானா என்று இன்னொருவர் கேட்டார்.

மதியம் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தேன். கை கழுவும்போது ஒரு சந்தேகம் வந்து, எங்கள் வீட்டு மாடத்தை எட்டிப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது. குங்குமத்தோடு.

"சரசு, இது எப்ப வெச்ச?"

"நீ குடுத்த அன்னிக்கே வெச்சேன். கால் பட்ற எடத்துல போட்டுட்டுப் போனா வேற எங்க வெக்கிறது?" என்றாள் என் மனைவி. பிறகு, "ஏன், அது வேற எதுக்காவதா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை நாளுக்குப் பிறகு சிரித்தேன். முருகையன் சொன்னது பலித்துவிட்டது. எவனும் தூக்கிப் போடவில்லை. காகிதம் என்று நினைத்து நாங்கள் கொடுத்தோம். அதன்மேல் இருந்ததை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் மாடம் இல்லாத வீட்டில் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கேள்வியோடுதான் சாப்பிட்டதும் வேங்கிக்காலுக்குப் போனேன். அங்கே புது வீடு கட்டிக் குடிவந்திருந்தார் குணபாலன். நெல் மண்டி வைத்திருக்கிற சமணக் குடும்பம். ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு விடுகிற வீடுகளும் அவருக்கு உண்டு. அவர்களுக்குச் சாமி வேறு, கோயில் வேறு.

கேட்டுக்கு வெளியே நின்றபோதே உள்ளே சத்தம். கூடத்தில் குணபாலன் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தரையெல்லாம் கார்டு. கோபுரம் போட்டது, ரோஜாப்பூ போட்டது, ஓரம் மஞ்சளடித்தது, ரப்பர் பேண்டு உருகி ஒட்டிக்கொண்டது.

"ஐயா" என்றேன்.

"வா பலராமா. உன் கார்டைத்தான் காலையில இருந்து தேடறோம். மோட்டார் நின்னுபோச்சு. சொட்டுத் தண்ணி இல்ல."

"நானே வந்துட்டனே ஐயா."

"நீ வந்தது சரி. கார்டு எங்க போச்சுனு தெரிஞ்சாகணும்" என்றார், தலையைத் தூக்காமல்.

எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. நானும் கீழே உட்கார்ந்து தேடினேன். டைல்ஸ் கடை, கல்யாண மண்டபம், பல் டாக்டர், பந்தல்காரர். பல கார்டில் நம்பரில் ஓர் இலக்கம் குறைச்சலாக இருந்தது. ஊர் நம்பர்களுக்கு முன்னால் ஓர் இரண்டைச் சேர்ப்பதற்கு முந்தைய காலத்து நம்பர். சிலவற்றில் அடித்துவிட்டுப் பேனாவால் எழுதியிருந்தது. அதையும் அடித்து வேறு எழுதியிருந்தது. பழைய பிளம்பர் ஒருவரின் கார்டைப் பார்த்துக் காலையில் போன் போட்டாராம் குணபாலன். அவர் மகள் எடுத்து, அப்பா காலமாகி ரொம்ப நாள் ஆகிறது என்றாளாம்.

"இதுல பாதிப் பேர் போயிட்டாங்க பலராமா. கார்டு மட்டும் உசுரோட கெடக்குது" என்றார்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி தர்மவதி வந்தார். "யாரு கார்டுனு சொன்னீங்க? மலையும் தீபமும் போட்டதா? அத நான் பச்சையம்மாகிட்ட குடுத்துட்டேனே. நம்ம சாமி இல்லன்னாலும் குப்பையில போட மனசு வரல."

பின்கட்டில் குடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வேலைக்காரப் பச்சையம்மாள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "எங்க ஊட்டு மாடத்துல இருக்குதும்மா. எடுத்தாரட்டா?"

குணபாலன் அப்போதுதான் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். "யாருப்பா உனக்கு இந்த யோசனை சொன்னது?"

"எங்காளு முருகையன்தான் ஐயா."

"அவன அர்ச்சகர் வேலைக்கு அனுப்பு."

அவர் மகள் தீக்ஷா ஸ்கூலில் டீச்சர். இத்தனை நேரம் சுவரில் சாய்ந்தபடி கையில் செல்போனை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்பர் சொல்லுங்கண்ணா" என்றாள். எல்லம்மாள் கடை நம்பரைச் சொன்னேன். கட்டை விரலால் ஏதோ தட்டினாள். 'மோட்டார் பலராமன்' என்று இங்கிலீஷில் போட்டிருப்பதாகச் சொன்னாள். இன்னும் ஏதோ அழுத்தினாள். குணபாலன் சட்டைப் பையில் இருந்த செல்போன் 'டிங்' என்றது.

"பிசினஸ் கார்டு வந்திருக்குனு போட்டிருக்கும், பாருங்கப்பா."

நான் இருவர் கையையும் மாறி மாறிப் பார்த்தேன். "இப்ப உங்க போன்ல இருந்து போயிடுச்சாம்மா?"

"இல்லண்ணா. எங்கிட்டயும் இருக்கு, அப்பாகிட்டயும் இருக்கு."

"ஐயா வேற ஒருத்தருக்குக் குடுத்தா?"

"மூணு பேர்கிட்டயும் இருக்கும். யாருக்கும் கொறையாது."

அச்சாபீஸ் பெட்டி கொடுக்கக் கொடுக்கக் காலியாகியிருந்தது. இது கொடுக்கக் கொடுக்க ஜாஸ்தியாகிறது. நான் விடவில்லை. "நம்பரு மாறிப்போச்சுன்னா?"

"பழசு மேலயே புதுச அடிச்சுக்கலாம். திரும்ப அனுப்பிட்டாப் போச்சு."

"தேடணும்னா?"

"மோட்டார்னு அடிச்சா வந்து நிக்கும். டப்பாவக் கவுக்க வேணாம்" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"படம் எதாச்சும் இருக்குமா?"

"படமெல்லாம் இல்லண்ணா. பேரு, நம்பரு. அவ்ளோதான்."

"அதுதாம்மா வேணும்" என்றேன்.

"ஆனா இது கடை நம்பர் இல்ல? கடை மூடிட்டா உங்களை எப்படிப் புடிக்கிறது? உங்க கையில ஒரு போன் இருந்தாத்தான் இது பிரயோஜனம்."

சைக்கிளை மிதித்துக்கொண்டு முருகையன் வீட்டுக்குப் போனேன். அவன் பெங்களூர் போவதற்கான துணிப்பைக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தான். குணபாலன் வீட்டு வேலை என்று சொன்னதும் பையைக் கீழே வைத்தான். முக்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தோம். சங்கிலி இழுத்தபடியே எங்கள் கார்டுகள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று அவனிடம் சொன்னேன். அவன் குழாயைப் பிடிக்கும் கிளாம்பை முறுக்கிக்கொண்டே கேட்டான். சரசு மாடத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும் வாயைத் திறந்தான்.

"எங்க ஊட்லயும் அங்கதாண்ணா இருக்குது. உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துது."

இருட்டுவதற்குள் மோட்டார் வெளியே வந்தது. மறுநாள் காயில் கட்டி இறக்கி, தண்ணீர் பீய்ச்சி அடித்ததும், குணபாலன் அலமாரியில் கிடந்த பழைய செல்போன் ஒன்றைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்தார். ஓரம் உடைந்து, நூல் சுற்றிய போன். முருகையன் தன் ரேஷன் கார்டைக் கொடுத்து சிம் வாங்கி வந்தான். தீக்ஷா, கடை நம்பர் மேலேயே புது நம்பரை அடித்து, வாடகை வீட்டுக்காரர்களுக்கும் தன்னோடு வேலை செய்யும் டீச்சர்களுக்கும் அனுப்பினாள்.

போன் யாரிடம் இருப்பது என்பதில் பிரச்சினை வந்தது. நான் எடுத்தால் பேசுவதற்குள் கட்டாகிவிடும். பச்சைப் பொத்தானுக்கும் சிவப்புப் பொத்தானுக்கும் நடுவில் என் கட்டை விரல் பெரிசாக இருந்தது. ஒருநாள் சார்ஜ் போட மறந்து, அது செத்துக் கிடந்ததே தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மாடத்தில் இருக்கிற கார்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, அதையும் சொல்ல வேண்டும். கடைசியில் முருகையனே வைத்துக்கொண்டான். ஆனால் ஊரில் எல்லார் போனிலும் இருந்தது என் பெயர். முருகையனா, எந்த முருகையன் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவன் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டான். "பலராமன்தான் பேசறேன்" என்று ஆரம்பித்துவிடுவான். அவன் வாயிலிருந்து வருகிற என் குரல் எனக்கே பழகாத அளவுக்குத் தெளிவாக இருக்கும்.

நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வேலைக்குப் போகிற வீட்டில் எல்லாம், எங்கள் நம்பர் உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்பேன். டீச்சர் தன் தங்கைக்கு அனுப்பியிருப்பார், தங்கை வீட்டுக்காரர் ஆபீசில் அனுப்பியிருப்பார். எங்கே வைத்திருக்கிறீர்கள், காட்டுங்கள் என்பேன். எதற்கு என்று புரியாமலே காட்டி, இங்கிலீஷில் இருப்பதைப் படித்தும் சொல்வார்கள். ஒரு வீட்டில் 'தண்ணி ஆளு' என்று இருந்தது. ஒரு வீட்டில் 'பலராமன்' என்றே இருந்தது. ஒருவர் வீட்டிலும் குங்குமம் இல்லை.

இருந்தாலும் பெங்களூருக்குப் போகவில்லை என்று முருகையன் வாய் திறந்து சொல்லவில்லை. ஜிப் தைத்த பை அவன் வீட்டு ஆணியில் அப்படியே தொங்கியது. நான் கேட்கவில்லை. கேட்டால், போகிறேன் என்று சொல்லிவிடுவானோ என்று பயம்.

ஆனிப் பௌர்ணமியன்று காலையில் செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வேலை. சாயங்காலத்துக்குள் மலை சுற்ற ஆட்கள் வந்து குவிந்துவிடுவார்கள், அதற்குள் தண்ணீர் வேண்டும் என்று உரிமையாளர் நின்றுகொண்டே இருந்தார். பாதிக் குழாய் வெளியே வந்திருந்தது. மீதி சங்கிலியில் தொங்கியது. முருகையன் கிளாம்பைப் போட்டு இறுக்கிய நேரம் போன் அடித்தது. ஒரு கையால் எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான்.

"பலராமன்தான் பேசறேன், சொல்லுங்க."

அந்தப் பக்கம் இரைச்சலுக்கு நடுவில் யாரோ வேகமாகப் பேசினார்கள். அவன் முகம் மாறியது. என்னைப் பார்த்தான், உடனே குழாயைப் பார்த்துக்கொண்டான்.

"யாரு, பெங்களூரு இனியனா? நல்லா இருக்கியாப்பா? முருகையனா? அவன் வேலையில இருக்கான்பா, போராண்ட. இப்ப அவனால கைய எடுக்க முடியாது." கொஞ்ச நேரம் கேட்டான். "எந்த பஸ்ஸுக்கு வரான்னா? எனக்குத் தெரிஞ்சு அவன் வரமாட்டான்பா. இங்கயே வேலை ஜாஸ்தியா இருக்குது. கேட்டா சொல்லிடறேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இழுண்ணா" என்றான்.

நான் சங்கிலியை இழுத்தேன்.